தீ வைப்பதற்கு முந்தைய நாள்கள்: சாதிய வன்முறையின் வடிவங்களும் முன்னறிகுறிகளும்

சாதிய வன்முறை நிகழ்ந்த மறுநாள் வெளியாகும் செய்திகளில் இரண்டு தொடர்கள் பெரும்பாலும் இடம்பெறுகின்றன: ‘இரு தரப்பினரிடையே மோதல்’, ‘திடீர் பதற்றம்’. முதல் தொடர் தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டாவது தொடர் செய்யும் தீங்கு அதைவிடப் பெரியது. முன்கூட்டி அறிய வழியே இல்லாத ஒரு விபத்தாக வன்முறையை அது மாற்றிவிடுகிறது. விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எனவே தடுக்கத் தவறிய அதிகாரியும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது.

நீதிமன்ற ஆவணங்களும் உண்மையறியும் குழுக்களின் பதிவுகளும் காட்டும் சித்திரம் வேறு. பெரும் வன்கொடுமைகளுக்கு முன்னால் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், அறிகுறிகள் தென்பட்டிருக்கின்றன. பாதிக்கப்பட்ட மக்கள் அவற்றைக் கண்டார்கள். பல நேரங்களில் முறையிட்டும் இருக்கிறார்கள். அந்த அறிகுறிகள் எவை, அவற்றைக் கண்டவுடன் சட்டம் யாரை என்ன செய்யச் சொல்கிறது, களத்தில் நிற்பவர்களும் மாணவர்களும் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

வன்முறையின் வடிவங்கள்

அரிவாள் வெட்டும் தீ வைப்பும் மட்டுமே வன்முறை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989 அவ்வாறு கருதவில்லை. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 2015-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அது வகைப்படுத்தும் குற்றங்களைக் கீழ்க்காணுமாறு புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, இழிவுபடுத்தல். பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல், உண்ணத்தகாததை வாயில் திணித்தல், செருப்பு மாலை அணிவித்தல், மொட்டையடித்தல், மீசையை மழித்தல் ஆகியவை இதில் அடங்கும். பட்டியல் சாதி மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை அவமதிப்பதும், அவர்கள் போற்றும் பொருள்களைச் சேதப்படுத்துவதும் தனிக் குற்றங்கள். அம்பேத்கர் சிலை உடைப்பைக் குடிபோதையில் நடந்த சில்லறைக் குறும்பாகக் காவல் நிலையம் சித்திரிக்க முயலும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பொது உரிமை மறுப்பு. பொதுப்பாதை, நீர்நிலை, சுடுகாடு, கோயில், கடை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தல், பொது இடத்தில் மிதிவண்டி அல்லது இருசக்கர வாகனம் ஓட்டவும் செருப்பணியவும் தடை விதித்தல், திருமண ஊர்வலத்தை மறித்தல் ஆகியவை இவ்வகையின. வாக்களிப்பதையும் வேட்புமனு அளிப்பதையும் தடுப்பதும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரைப் பணியாற்றவிடாமல் முடக்குவதும் குற்றங்களே.

மூன்றாவது, புறக்கணிப்பு. வேலை தராமை, பொருள் விற்காமை, பேச்சு வார்த்தையை அறுத்தல் என ஊரே கூடி ஒரு குடியிருப்பின் மூச்சை நிறுத்தும் முறை இது. ஒரு துளி ரத்தமும் சிந்தாததால் இதனை வன்முறையாக ஏற்கப் பலர் தயங்குகின்றனர். அம்பேத்கர் இதன் கொடுமையை நன்கறிந்திருந்தார். வட்டமேசை மாநாட்டில் அவர் முன்வைத்த பாதுகாப்புத் திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும் விதிப்பதாக மிரட்டுவதும் இச்சட்டத்தில் வெளிப்படையாகக் குற்றமானது 2015 திருத்தத்தின் மூலமே. இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

நான்காவது, உடைமை மீதான தாக்குதல்: நிலப்பறிப்பு, பயிரழிப்பு, வீடுகளுக்குத் தீ வைத்தல். குடியிருக்கும் வீட்டை அழிக்கும் நோக்கில் தீ வைப்பது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம். ஐந்தாவது, உடல் மீதான தாக்குதல்: அடிதடி, கொலை, பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை. சாதி ஆணவக் கொலைகளும் இதில் சேரும்.

ஆறாவது வடிவம், அரசின் கரங்களால் நிகழ்வது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் வீடுவீடாகப் புகுந்து உடைமைகளைச் சூறையாடியது காவல் துறை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணி காவல் துறையால் தாக்கப்பட்டு, தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘காவல் துறை வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை’ என்ற முடிவை இந்நிகழ்வுகள் அனுமதிக்கவில்லை.

இவ்வடிவங்கள் தனித்தனித் தீவுகள் அல்ல. ஒன்று தண்டிக்கப்படாமல் போகும்போது அடுத்தது துணிச்சல் பெறுகிறது. பின்வரும் நான்கு வரலாறுகளை அந்த வரிசையில் வாசிக்க வேண்டும்.

நான்கு ஊர்கள், ஒரே படிநிலை

ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தின் சுண்டூரில் 1991 ஜூலை 7 அன்று, திரையரங்கில் ஒரு தலித் இளைஞரின் கால் ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஒருவர்மீது பட்டது. தகராறு தொடர்ந்தது. அடுத்து, தலித் மக்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. ஊர் அவர்களைப் புறக்கணித்தது. ஆகஸ்ட் 6 அன்று எட்டு தலித் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். ஒரு மாத கால எச்சரிக்கை அங்கே இருந்தது. ஊரில் காவலர்கள் நிறுத்தப்பட்டிருந்த நிலையிலேயே கொலைகள் நடந்தன. 2007-இல் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தவர்களை 2014-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் விடுவித்தது.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட்டால் வேலை கிடைக்காது என்ற மிரட்டல் முதலில் வந்தது. மனு அளித்தவர்கள் திரும்பப் பெற்றனர்; தேர்தல் தடைபட்டது. வீடுகள் எரிக்கப்பட்டன. பின்னர் வென்ற முருகேசன், தலைவராக ஊராட்சி அலுவலகத்திற்குள் இயல்பாகப் பணியாற்ற முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். மிரட்டல், பின்வாங்கச் செய்தல், தீ வைப்பு, அலுவலக முடக்கம், கொலை என ஒவ்வொரு படியும் அரசுக்குத் தெரிந்தே கடந்தது.

மராட்டிய மாநிலம் கயர்லாஞ்சியில் 2006 செப்டம்பர் 29 அன்று ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரு மகன்கள் கொல்லப்பட்டனர். அதற்கு முன் நிலத்தகராறு இருந்தது. உறவினர் ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில் தாயும் மகளும் சாட்சிகளாக நின்றனர். அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் பிணையில் வெளிவந்த அதே நாளில் படுகொலை நடந்தது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் 2012-இல் தலித் இளைஞரும் ஆதிக்க சாதிப் பெண்ணும் மணம் புரிந்தனர். பெண்ணைத் திருப்பி அனுப்பக் கோரிக் கட்டப்பஞ்சாயத்துகள் நடந்தன. சாதி மறுப்புத் திருமணங்களுக்கு எதிரான மேடைப் பேச்சுகளும் அவ்வாண்டு வட மாவட்டங்களில் ஒலித்திருந்தன. நவம்பர் 7 அன்று பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்ட செய்தியைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தற்கொலைச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘உணர்ச்சிக் கொந்தளிப்பு’ என விளக்கியோர், முந்தைய வாரங்களின் பஞ்சாயத்துகளைப் பற்றிப் பேசவில்லை.

இந்நான்கிலும் தொடக்கப்புள்ளி ஒன்றே: தலித் மக்கள் ஓர் உரிமையைப் பயன்படுத்தினார்கள். திரையரங்க இருக்கை, ஊராட்சித் தலைமை, நிலமும் சாட்சியமும், விரும்பியவரை மணத்தல் என உரிமையின் பெயர் மட்டும் மாறுகிறது. எனவே ஆபத்தின் நாட்காட்டியை ஓரளவு முன்கூட்டியே வரைய முடியும். உள்ளாட்சித் தேர்தல், கோயில் திருவிழா, தேரோட்டம், தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள், கூலிப் பேச்சு, பட்டா வழங்கல், சாதி மறுப்புத் திருமணம், வழக்கின் சாட்சி விசாரணை ஆகிய நாள்களை ஒட்டிக் கூடுதல் கவனம் தேவை.

ஊரில் தென்படும் அறிகுறிகள்

பொருளாதார அறிகுறிகள் முதலில் தெரியும். வழக்கமாகக் கூப்பிடும் நிலக்காரர்கள் ஒரே நேரத்தில் கூப்பிடாமல் விடுவர். வெளியூர் ஆள்களை வைத்து நடவும் அறுவடையும் நடக்கும். பழைய கடனை உடனே கேட்பர், குத்தகையை முறிப்பர், வயலுக்கும் சுடுகாட்டுக்கும் செல்லும் பாதையை வேலியிட்டு அடைப்பர், மளிகைக் கடையும் தேநீர்க் கடையும் சாக்குச் சொல்லும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியிலும் கூலிப் போராட்டமும் வெளியூர் ஆள்களை இறக்கியதும் முன்னதாகவே நடந்திருந்தன.

அடுத்தவை கூட்ட அறிகுறிகள். ஊர்க்கூட்டம் ஒரு சாதிக்கு மட்டும் என மூடிய கதவுகளுக்குள் நடக்கும். தலித் மக்களோடு பேசினால் அபராதம் என்ற கட்டுப்பாடு விதிக்கப்படும். அக்கம்பக்க ஊர்களிலிருந்து இளைஞர்கள் இரவில் வந்துபோவர்.

பேச்சு அறிகுறிகளை மாணவர்கள் எளிதில் காண இயலும். குடியிருப்பின் முன் ஒலிபெருக்கியில் சாதிப் பெருமைப் பாடல்கள், அரிவாளுடன் எடுத்த காணொளிகள், ‘பாடம் புகட்டுவோம்’ என்ற வாட்ஸ்அப் நிலைப்பதிவுகள், நாள் குறித்த மிரட்டல்கள் ஆகியவை ஒத்திகையின் இயல்புடையன. பொதுவான வசையைவிட ஆள், இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பிடும் பேச்சு கூடுதல் ஆபத்தானது.

சிறு சேதங்கள் அடுத்த படி. வைக்கோல் போரில் தீ, கொடிக்கம்பம் சாய்ப்பு, பெயர்ப்பலகை மீது சாணம், தெருவிளக்கு உடைப்பு என இவை தொடங்கும். எதிர்வினை எப்படி இருக்கும் என அளந்து பார்க்கும் செயல்கள் இவை.

ஆட்சி அலுவலகங்களின் நடத்தையும் ஓர் அறிகுறி. புகாருக்கு மனு ரசீது மட்டும் கொடுத்து முதல் தகவல் அறிக்கையைத் தவிர்த்தல், புகார் கொடுத்தவர் மீதே எதிர்வழக்குப் பதிதல், அமைதிப் பேச்சுவார்த்தை என அழைத்து உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குதல், நிறுத்திய காவலர்களைக் காரணமின்றித் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைத் தாக்கும் எண்ணமுடையோர் அனுமதியாகவே வாசிக்கின்றனர்.

நெடுநாள் பழகிவிட்டதால் கண்ணில் படாமல் போகும் அறிகுறிகளும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. ஆய்வுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. குற்றம் செய்தவர் யார் என்பதில், சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அவ்வூர் தலித் மக்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், அதை ஊர் மக்களும் பல அமைப்புகளும் மறுப்பதும் தனியே விவாதிக்க வேண்டியவை. ஆனால் இரட்டைக் குவளையைக் காண ஆட்சியருக்குத் தொட்டியில் மலம் கலக்கும்வரை ஆனது ஏன் என்ற கேள்விக்கு அரசு நிர்வாகமே விடை சொல்ல வேண்டும்.

பள்ளி, கல்லூரிகளில்

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டனர். தாக்கியவர்கள் பள்ளி மாணவர்கள். அதற்கு முன் அம்மாணவர் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டார். பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். பின் பள்ளியில் புகார் அளித்தார். புகாருக்குப் பிறகான மணிநேரங்களே மிகுந்த ஆபத்துடையவை என்பதைப் பள்ளி நிர்வாகங்கள் இதிலிருந்து கற்றிருக்க வேண்டும்.

இந்நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் முதலிய பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிற்றின் நிறத்தால் பிரியும் நட்பு வட்டம், ஒருவரை மட்டும் ஏவல் வேலைக்கு அனுப்புதல், அவரிடம் பணம் பறித்தல், பேருந்தில் இருக்கை மறுத்தல், திடீரெனப் பள்ளிக்கு வராமை ஆகியவற்றை ‘பையன்கள் சண்டை’ என்று கடந்துவிடலாகாது.

காதலும் திருமணமும்

சாதி மறுப்பு இணையருக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் பெண்ணின் வீட்டில் தொடங்குகிறது. கைபேசியைப் பறித்தல், படிப்பை நிறுத்துதல், அவசர மாப்பிள்ளைப் பேச்சு, வீட்டுக்காவல் ஆகியவை முதற்கட்டம். கோபம் அடங்கி உறவினர்கள் திடீரெனக் கனிவாகப் பேசி ‘முறையாகத் திருமணம் செய்து வைக்கிறோம், தனியே வா’ என அழைப்பதும் அறிகுறியே. ஆணின் வேலையிடம், போகும் வழி, நேரம் ஆகியவற்றை யாரோ விசாரித்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில், இத்தகைய குற்றங்கள் நிகழ்ந்த பகுதிகளை அடையாளம் காணுதல், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், இணையருக்குப் பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை அமைக்க உத்தரவிட்டது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் மென்பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, தனிச்சட்டக் கோரிக்கை மீண்டும் வலுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வரும்வரையிலும் 2018 நெறிமுறைகள் அரசைக் கட்டுப்படுத்துகின்றன.

அறிகுறிகளை எடைபோடுதல்

ஒற்றை அறிகுறி எல்லா நேரமும் வன்முறையில் முடிவதில்லை. மூன்று கேள்விகளால் எடைபோடலாம். அறிகுறிகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? பேச்சிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து உடலுக்கும் படியேறுகின்றனவா? முந்தைய செயல் தண்டிக்கப்படாமல் விடப்பட்டதா? மூன்றுக்கும் ‘ஆம்’ எனில் காத்திருக்கக் கூடாது. அதே நேரத்தில் வதந்தியும் அறிகுறியும் வெவ்வேறு. நேரில் கண்டது, பிறர் சொன்னது, ஊகம் ஆகிய மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். சரிபார்க்காத ஒலிப்பதிவைப் பரப்புவது தாக்க நினைப்போருக்கே உதவும்.

தடுப்பது அரசின் கடமை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றத்துக்குப் பிறகு மட்டும் இயங்குவது என்ற கருத்து தவறானது. பிரிவு 17-இன்படி மாவட்ட ஆட்சியர், உட்கோட்ட நடுவர் அல்லது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, வன்கொடுமை நிகழக்கூடும் என நம்பக் காரணம் இருந்தால் ஒரு பகுதியை வன்கொடுமைக்கு இடமான பகுதியாக அறிவித்துத் தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். 1995 விதிகளின் 3-ஆம் விதி, அத்தகைய பகுதிகளை அடையாளம் காணவும், ஆட்சியரும் கண்காணிப்பாளரும் நேரில் சென்று நிலைமையை ஆராயவும், தேவையெனில் ஆதிக்க சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும், சிறப்புக் காவல் படையை நிறுத்தவும் சொல்கிறது. பிரிவு 10-இன்கீழ், அடையாளம் காணப்பட்ட பகுதியில் குற்றம் புரியக்கூடிய நபரை அங்கிருந்து வெளியேறுமாறு சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். பிரிவு 15அ பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. பிரிவு 18அ-இன்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4 ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என விதி 17 கூறுகிறது. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், இடம், நிகழ்ந்தது, கண்டவர் என ஐந்து பத்திகளில் ஒவ்வோர் அறிகுறியையும் எழுதுக. மிரட்டல் பதிவுகளைத் திரைப்பிடிப்பு எடுத்து மூலக் கோப்போடு காக்கவும். மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என வந்ததும் மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், கோட்டாட்சியர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோருக்கு எழுத்து வடிவில் மனு அளித்து, பிரிவு 17, விதி 3 ஆகியவற்றைக் குறிப்பிட்டு நடவடிக்கை கோருக. பதிவு அஞ்சல் ரசீதைப் பாதுகாக்கவும். தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566-இலும் புகாரைப் பதியலாம். தம் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, வன்கொடுமைக்கு இடமான பகுதிகள் எவை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே மாணவர் அமைப்புகள் கேட்டுப் பெறலாம். பாதிக்கப்படக்கூடிய குடும்பத்தின் ஒப்புதலின்றி அவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தனியே அனுப்பாமல் வழக்கறிஞரோடு அனுப்ப வேண்டும். படித்துப் பாராமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

மனு கொடுத்தும் வன்முறை நிகழலாம். மேலவளவுத் தலைவர் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில்தான் கொல்லப்பட்டார். ஆயினும் நாளிட்ட மனுவும் அஞ்சல் ரசீதும் கையில் இருக்கும் ஊரில், எந்த அதிகாரியும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. பிரிவு 4-இன்கீழ் அவர்மீது தொடுக்கும் வழக்கிற்கு அந்த ரசீதே முதல் ஆவணம்.